வண்டியும் நம்ம சொத்துதான்: உப்புக் காற்றில் வண்டியைக் காப்பது எப்படி?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் எங்கள் களப்பணிக் குழுவின் சார்பில் பேசியது. வர முடியாத உறுப்பினர்களுக்காக எழுத்தில் தருகிறோம்.)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, உட்கடன், வங்கி இணைப்பு, பதிவேடு என்றுதான் பேசுவோம். இன்றைக்கு வண்டியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னதும் பின்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் ஒரு கணக்கைச் சொல்கிறோம், கேட்ட பிறகு சிரிப்பு வருகிறதா பாருங்கள்.

நம்ம கூட்டமைப்பில் ஒரு மீன் வியாபார அக்கா இருக்கிறார். பேர் சொல்ல வேண்டாம், ஆனால் நடந்ததைச் சொல்லுங்கள் என்று அவரே அனுமதி தந்திருக்கிறார். விடியக்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, குரும்பூர், ஏரல் பக்கத்துக் கிராமங்களில் கொண்டுபோய் விற்பவர். குழுவில் 35,000 ரூபாய் உட்கடன் வாங்கி, பழைய எக்ஸெல் வண்டி ஒன்று எடுத்தார். ஏழு மாதம் தவணை ஒழுங்காக வந்தது. எட்டாவது மாதம் பாதி வழியில் என்ஜின் இறுகி நின்றுவிட்டது. ஐஸ் உருகி, மீனைக் கிடைத்த விலைக்குத் தள்ள வேண்டியதாயிற்று. மெக்கானிக்கிடம் ஆன செலவு 7,400 ரூபாய். இரண்டு தவணை தவறியது. குழுவில் சண்டை வந்தது. அக்கா இரண்டு கூட்டத்துக்கு வரவே இல்லை.

என்ஜின் ஏன் இறுகியது? என்ஜினில் ஆயிலே இல்லை. அக்காவின் வீட்டுக்காரர் முன்பு வைத்திருந்தது பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸெல். அதற்குப் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றினால் போதும். அக்கா வாங்கியதோ ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி. அதற்கு என்ஜினுக்குள் தனியாக ஆயில் இருக்கணும், அளவு பார்க்கணும், மாற்றணும். இதை அவருக்கு யாருமே சொல்லவில்லை. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். மெக்கானிக் தம்பி சொன்னாராம்: "ஒரே ஒரு தடவ இந்தக் குச்சிய எடுத்துப் பாத்திருந்தா போதுமேக்கா."

இதில் எங்கள் தப்பும் இருக்கிறது. கடன் விண்ணப்பம் எழுதச் சொல்லிக் கொடுத்தோம், தவணை அட்டை எழுதச் சொல்லிக் கொடுத்தோம். கறவை மாட்டுக் கடன் என்றால் மாட்டை எப்படிப் பராமரிப்பது என்று பயிற்சி வைக்கிறோம். வண்டிக்குக் கடன் கொடுத்துவிட்டு, வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

இது ஆம்பளைங்க வேலை இல்லையா?

போன மாதம் ஒரு பெரியம்மா கேட்டார்கள்: "ஏ தாயி, இதெல்லாம் ஆம்பளையாளுவ பாக்குத வேலையில்லா?" நல்ல கேள்வி.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் அங்கே மாவட்ட ஆட்சியர். எழுத்துச் சொல்லிக் கொடுப்பதோடு பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் பழக்கினார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் பழகினார்கள். பெண்கள் சைக்கிள் கடையில் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். அப்போதும் ஊரில் கேலி பேசியவர்கள் உண்டு. இன்றைக்குப் பெண் சைக்கிளில் போனால் திரும்பிப் பார்க்க யாராவது இருக்கிறார்களா?

பிறகு 2018-ல் தமிழக அரசு, வேலைக்குப் போகும் பெண்களுக்கு இரு சக்கர வாகனம் வாங்கப் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய், மானியம் கொடுத்தது. அந்தத் திட்டம் பின்னால் நின்றுபோனாலும், அதில் வண்டி எடுத்தவர்கள் நம்ம குழுக்களிலும் இருக்கிறார்கள். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கிற ஒரு தாயை, நாற்றம் அடிக்கிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிட்ட செய்தியைக் கேட்டு நாம் எல்லோரும் கொதித்தோம். சொந்த வண்டி இருந்தால் நம்ம கூடையை இறக்கு என்று சொல்ல ஆள் கிடையாது. ஆனால் அந்த வண்டி பாதி வழியில் நின்றுவிட்டால்?

ஓட்டத் தெரிந்தது பாதிதான். பார்த்துக்கொள்ளத் தெரிந்தால்தான் வண்டி முழுசாக நம்ம வண்டி.

நம்ம ஊரில் எதிரி உப்பு

மதுரையில் ஓடுகிற வண்டிக்கும் தெரேஸ்புரத்தில் ஓடுகிற வண்டிக்கும் வித்தியாசம் உண்டு. நமக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பளம். காற்றிலேயே உப்பு இருக்கிறது. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் பிடித்து வைக்கும். அதனால் துரு வேகமாக ஏறும். இதோடு மீன் பெட்டியில் இருந்து வடிகிற தண்ணீர் செயினிலும் பின் சக்கரத்திலும் சொட்டுகிறது. உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற பெண்களின் வண்டியிலோ அளத்துச் சேறு மட்கார்டுக்குள் அப்பிக்கொள்கிறது.

சங்கு குளிக்கப் போகிறவர் கயிற்றையும் காற்றுக் குழாயையும் பார்க்காமல் கடலில் இறங்குவாரா? வலையைப் பொத்துப் பார்க்காமல் யாராவது படகில் ஏற்றுவார்களா? கடலுக்குப் போகும் வீட்டில் பிறந்த நமக்கு இது புதிதல்ல. அதே பழக்கத்தை வண்டிக்கும் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

தினமும் இரண்டு நிமிஷம்

வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்.

1. இரண்டு டயரையும் கட்டைவிரலால் அமுக்குங்கள். ஆணி, கிளிஞ்சல், கண்ணாடித் துண்டு குத்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

2. இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். லிவர் கைப்பிடியைத் தொடும்வரை போனால் அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள்.

3. முன் விளக்கு, பின் சிவப்பு விளக்கு, ஹாரன். ஏலத்துக்கு இருட்டில் போகிறவர்களுக்குப் பின் விளக்குதான் உயிர்.

4. வண்டி நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள். ஆயில் சொட்டு, பெட்ரோல் ஈரம் இருக்கிறதா?

5. முந்தானையை இழுத்துச் செருகுங்கள். துப்பட்டாவைப் பின்னால் முடிச்சுப் போடுங்கள். சேலை சக்கரத்தில் சிக்கி விழுந்தவர்கள் கதை நம்ம எல்லோருக்கும் தெரியும்.

வாரம் ஒரு நாள் கழுவுங்கள்

தொழிலுக்குப் போகாத நாள் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நம்ம கடற்கரைக்கு வண்டி கழுவுவது அலங்காரத்துக்கு இல்லை. உப்பைக் கரைத்து விடுவதற்கு.

என்ஜின் நன்றாக ஆறிய பிறகு கழுவணும். உவர்த் தண்ணீரில் கழுவினால் கழுவியும் பயனில்லை. உப்பு அப்படியே காய்ந்து படியும். ஆகவே கடைசியாக ஒரு வாளி நல்ல தண்ணீர். குடிக்கிற தண்ணீருக்கே தட்டுப்பாடு என்றால், ஒரு செம்பு நல்ல தண்ணீரில் துணியை நனைத்து ரிம், போக்ஸ் கம்பி, செயின் பகுதி, சைலன்சர், போல்ட் தலைகளை மட்டுமாவது துடையுங்கள். மேலே பளபளவென்று துடைத்துவிட்டு அடியை விட்டுவிடாதீர்கள். துரு அடியில் இருந்துதான் ஆரம்பிக்கும். மட்கார்டின் உள்பக்கம் விரலை விட்டுச் சேற்றை எடுங்கள்.

சைலன்சர் ஓட்டையிலும் ஏர் ஃபில்டர் வாயிலும் தண்ணீர் அடிக்கக் கூடாது. கழுவி முடித்ததும் காய்ந்த துணியால் துடைத்து, மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டி, பிரேக்கை இரண்டு மூன்று தடவை பிடித்துவிடுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் காயும். நனைந்த பிரேக் பிடிக்காது என்பதை மறக்க வேண்டாம்.

சிலர் துரு ஏறாமல் இருக்கப் பழைய என்ஜின் ஆயிலை வண்டி முழுக்கப் பூசுகிறார்கள். வேண்டாம். அது ரப்பரைக் கெடுக்கும், தோலுக்கும் நல்லதல்ல. மணலும் அதில் ஒட்டிக்கொள்ளும். பெயின்ட் உரிந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, துரு தடுக்கும் பெயின்ட் அடியுங்கள். போல்ட்களுக்குக் கொஞ்சம் கிரீஸ் போதும்.

செயின்

ஸ்கூட்டி மாதிரி கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் வெளியே செயின் கிடையாது. எக்ஸெல்லுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உண்டு.

முதலில் ஒரு எச்சரிக்கை. என்ஜின் ஓடும்போது செயினைத் துடைக்கவே கூடாது. துணியோடு விரலும் போய்விடும். என்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, சென்டர் ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும்.

பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று போதும். மண்ணெண்ணெய் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. கொஞ்சம் டீசலைத் தொட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, காய்ந்ததும் 90 நம்பர் கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அதிகமாக விட்டால் மணல் ஒட்டும். ஆகவே பத்து நிமிஷம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடணும். பெட்ரோலால் துடைக்காதீர்கள். பக்கத்தில் அடுப்பு எரிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

செயின் தொய்வைப் பார்ப்பது எப்படி? கீழ்ச் செயினின் நடுவில் விரலை வைத்து மேலும் கீழும் ஆட்டுங்கள். சுமார் ஒரு அங்குலம் ஆடினால் சரி. சரியான அளவு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். கூடுதலாக ஆடினால் கழன்று விழும். விறைப்பாக இருந்தால் அறுந்து போகும். சரி செய்யும்போது பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் இருக்கும் கோடுகள் ஒரே அளவில் நிற்கணும். ஒரு பக்கம் முன்னும் ஒரு பக்கம் பின்னும் இருந்தால் சக்கரம் கோணிக்கொண்டு ஓடும்.

பிரேக்

எங்களுக்கே நடந்ததைச் சொல்கிறோம். ஒரு நாள் களப்பணிக்குப் போகும்போது, முத்தையாபுரம் தாண்டி உப்பளப் பக்கம், பின் பிரேக் கேபிள் அறுந்துவிட்டது. ஆடு குறுக்கே வந்தது. முன் பிரேக் இருந்ததால் தப்பித்தோம். பிறகு பார்த்தால் கேபிள் கம்பியில் பாதி இழைகள் முன்பே துருப்பிடித்து அறுந்து கிடந்திருக்கின்றன. பல நாளாகப் பிரேக் பிடிக்கும்போது கரகரவென்று இருந்தது. நாங்கள் கவனிக்கவில்லை. வீடு வீடாகப் போய் சிக்கனம் பேசுகிற எங்களுக்கு அன்றைக்கு ஒரே வெட்கம்.

ஆகவே மாதம் ஒரு முறை கேபிளின் இரண்டு முனையையும் பாருங்கள். ஒரு இழை அறுந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். கேபிள் விலை குறைவுதான். மேல் முனையில் சில சொட்டு ஆயில் விட்டால் உள்ளே இறங்கி உப்பைத் தடுக்கும். டிரம் பிரேக் வண்டியில் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு நட் இருக்கும். அதை வலப்பக்கம் திருகினால் பிரேக் இறுகும். ஒவ்வொரு சுற்றாகத் திருகி, சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். சக்கரம் தடையில்லாமல் சுற்றணும், லிவரைப் பிடித்தால் உடனே நிற்கணும். நட்டைக் கடைசி வரை திருகியும் பிடிக்கவில்லை என்றால் பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதை மெக்கானிக் மாற்றட்டும். பிரேக்குக்குள் ஆயில் விடக் கூடாது.

ஆயில், பெட்ரோல், பிளக்

நம்ம அக்காவுக்கு வந்தது இன்னொருவருக்கு வரக் கூடாது. முதலில் உங்கள் வண்டி டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்று கேட்டு, நம்ம நோட்டில் எழுதி வையுங்கள். 2015-ல் வந்த எக்ஸெல் 100 ஃபோர் ஸ்ட்ரோக். அதற்கு முன்பு ஓடியவை டூ ஸ்ட்ரோக்.

டூ ஸ்ட்ரோக் எக்ஸெல் என்றால் பெட்ரோலில் 2டி ஆயில் கலக்கணும். பொதுவாக லிட்டருக்கு 20 மில்லி. சமையல் மாதிரி கண்ணளவில் ஊற்றாதீர்கள். குறைந்தால் என்ஜின் இறுகும், கூடினால் புகை அடிக்கும்.

ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் வாரம் ஒரு முறை அளவுக் குச்சியைப் பாருங்கள். வண்டியைச் சமமான தரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிஷம் விடுங்கள். குச்சியை எடுத்துத் துடைத்து, திரும்ப விட்டு எடுங்கள். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கணும். கீழ்க் கோட்டுக்குக் கீழே போனால் கையேட்டில் சொன்ன ஆயிலையே ஊற்றுங்கள். பால் கலந்த தேநீர் மாதிரி நிறம் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. உடனே மெக்கானிக்கிடம் போங்கள். மாற்றிய பழைய ஆயிலைக் கடற்கரை மணலிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்க் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். மழைக்காலத்தில் வண்டியை வாரக்கணக்கில் ஓட்டாமல் போட்டு வைக்காதீர்கள்.

வண்டி கிளம்பவில்லை என்றால் உடனே பதற வேண்டாம். பெட்ரோல் இருக்கிறதா, திறந்திருக்கிறதா, சாவி, சுவிட்ச் சரியா என்று முதலில் பாருங்கள். பிறகு ஆறிய என்ஜினில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. கரியாக இருந்தால் காய்ந்த பிரஷால் துடையுங்கள். ஈரமாக இருந்தால் காயவைத்து மாட்டுங்கள். மாட்டும்போது முதலில் கையாலேயே திருகணும், கடைசியில் மட்டும் ஸ்பேனர். கோணலாக ஏற்றினால் மரை போய்விடும், அது பெரிய செலவு.

பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதை நம்ம ஊரில் அடிக்கடி பார்க்கலாம். வெந்நீரில் சமையல் சோடா கரைத்துத் துணியால் துடைத்து, காய்ந்ததும் வாசலின் தடவுங்கள். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ்.

வெள்ளத்தில் முங்கினால்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. வீடு, நெல், ஆடு, மாடு, படகு என்று போனவை போக, வாசலில் நின்ற வண்டிகளும் முங்கின. தண்ணீர் வடிந்ததும் பலர் செய்த முதல் காரியம் வண்டியை உதைத்துக் கிளப்பிப் பார்த்தது. அதுதான் தவறு. என்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது கிளப்பினால் உள்ளே இருக்கும் பாகம் வளைந்தோ உடைந்தோ போகும்.

முங்கிய வண்டியை உதைக்காதீர்கள், செல்ஃப் பட்டனையும் அமுக்காதீர்கள். முதலில் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். முழு இன்சூரன்ஸ் இருந்தால் பழுது பார்ப்பதற்கு முன்பே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் வெள்ள சேதத்துக்குப் பணம் வராது. உங்களிடம் எது இருக்கிறது என்று இன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போய், பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, என்ஜின் ஆயில், பெட்ரோல், ஏர் ஃபில்டர் எல்லாம் மாற்றச் சொல்லுங்கள். மழை எச்சரிக்கை வந்ததும் வண்டியை மேடான இடத்தில் ஏற்றிவிடுவது எல்லாவற்றையும் விட மலிவு.

நம்ம தேவைக்கு மாற்றுவது

நம்ம பெண்கள் வண்டியை ஆசைக்காக மாற்றுவதில்லை, பிழைப்புக்காக மாற்றுகிறோம். அதில் எது நல்லது, எது ஆபத்து?

மீன் பெட்டிக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள். பெட்டியின் ஓட்டைக்கு ஒரு மூடி போட்டு, ஐஸ் தண்ணீரை நின்ற இடத்தில் மட்டும் திறந்துவிடுங்கள். செயினிலும் பிரேக்கிலும் உப்புத் தண்ணீர் சொட்டாது. இந்த ஒரு மாற்றமே வண்டியின் ஆயுளைக் கூட்டும். பெட்டியின் பின்பக்கம் சிவப்பு ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பெட்டி பின் விளக்கையோ நம்பர் பலகையையோ மறைக்கக் கூடாது. பழைய ட்யூபை வெட்டி மட்கார்டில் தொங்கவிட்டால் சேறு என்ஜினில் அடிக்காது.

சேலைத் தடுப்புக் கம்பி கட்டாயம். பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு இருக்கணும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது. பெட்டி வைக்க இடைஞ்சல் என்று அதைக் கழற்றி வீட்டில் போட்டிருப்பவர்கள் நாளைக்கே மாட்டிவிடுங்கள்.

செய்யக் கூடாதவை: கேரியரை வண்டியின் சட்டத்தில் வெல்டிங் வைப்பது. சட்டம் பலம் இழக்கும், பற்றிய இடத்தில் துருவும் ஏறும். போல்ட் போட்டு மாட்டுகிற கேரியரை வாங்குங்கள். கையேட்டில் சொன்ன எடைக்கு மேல் ஏற்றுவது. ஃபியூஸ் போனால் சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றி மாட்டுவது. ஒயர் எரிந்து வண்டியே எரியும். சைலன்சரை மாற்றுவது, நம்பர் பலகையில் படம் போடுவது, கண்ணாடியைக் கழற்றுவது. அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றினால் 2019 திருத்தச் சட்டப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு. ஹெல்மெட் இல்லை என்றால் 1,000 ரூபாய். அபராதத்தை விடுங்கள், நம்ம தலைக்கு விலை உண்டா?

மெக்கானிக்கிடம் போகும்போது

எல்லாவற்றையும் நாமே செய்துவிட முடியாது. என்ஜினைப் பிரிப்பது, பிரேக் ஷூ மாற்றுவது, போர்க், பேரிங் வேலை, இவை தெரிந்தவர் கையில்தான் நடக்கணும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புது வண்டிகளில் பெரும்பாலும் கார்பரேட்டர் கிடையாது. பெட்ரோலை அளந்து விடுவது கருவிதான். அதில் கை வைக்கவே வேண்டாம்.

மெக்கானிக் தம்பி நமக்குப் பகை இல்லை. ஆனால் கேட்டு வாங்குவது நம்ம உரிமை. என்ன கோளாறு என்று நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். வேலையைத் தொடங்கும் முன் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். தேதி, கிலோமீட்டர், செலவு மூன்றையும் எழுதுங்கள். பதிவேடு எழுதுவதில் நம்மை யாராவது மிஞ்ச முடியுமா?

குழுவாக என்ன செய்யலாம்?

ஒவ்வொருவரும் தனித்தனியாக ஸ்பேனர் வாங்க வேண்டியதில்லை. கிராமத்துக்கு ஒரு பெட்டி போதும். 10-11, 12-13, 14-15, 17 நம்பர் ஸ்பேனர்கள், பிளக் ஸ்பேனர், திருப்புளி, குறடு, காற்று அளவு பார்க்கும் கருவி, கால் பம்ப், பிரஷ், ஒரு டின் கியர் ஆயில். காற்றைக் காலையில் டயர் சூடாகும் முன் பார்க்கணும். ஒருவர் போகும்போது ஒரு அளவு, பாரம் ஏற்றினால் பின் டயருக்குக் கூடுதல் அளவு. இரண்டும் கையேட்டில் இருக்கும். பெட்டியை யார் எடுத்தார், யார் திருப்பி வைத்தார் என்று குழு நோட்டில் எழுதினால் ஒன்றும் தொலையாது.

இன்றைய கூட்டத்தில் நீங்கள் போட்ட தீர்மானங்கள் மூன்று. ஒன்று, கிராமத்துக்கு ஒரு கருவிப் பெட்டி வாங்குவது. இரண்டு, ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் இரண்டு உறுப்பினர்கள் ஒரு நாள் பயிற்சிக்கு வருவது. மூன்று, இனிமேல் வண்டிக்கு உட்கடன் கேட்பவர் ஆயில் பார்க்கவும், செயின் தொய்வு பார்க்கவும், பிரேக் நட் திருகவும் குழுவின் முன்னால் செய்து காட்டிய பிறகே கடன் கொடுப்பது. மூன்றாவது தீர்மானத்தை முன்மொழிந்தது யார் தெரியுமா? ஆரம்பத்தில் சொன்ன அதே அக்காதான்.

தவறிய இரண்டு தவணையையும் நாலு மாதத்தில் பிரித்துக் கட்ட அவருடைய குழு ஒத்துக்கொண்டது. கடைசிப் பாக்கியைப் போன மாதம் கட்டி முடித்துவிட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் குச்சியை எடுத்து ஆயில் பார்க்கிறார். பக்கத்து வீட்டு வண்டிகளுக்கும் அவர்தான் பார்த்துச் சொல்கிறார். கிராமத்துப் பயிற்சிக்கு முதல் பெயர் கொடுத்ததும் அவர்தான்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வண்டியில் வருகிறவர்கள் கையேட்டையும் இன்சூரன்ஸ் தாளையும் எடுத்து வாருங்கள். கையேடு தொலைந்துபோனவர்கள் வண்டியின் பெயரையும் வருடத்தையும் எழுதிக் கொண்டுவாருங்கள். ஒன்றாக உட்கார்ந்து பார்ப்போம்.